பத்தாம் நம்பர் நட்டு

எங்க வீட்டு வாசல்ல, வேப்பமரத்தடியில, ஒரு வண்டி நிக்குது. ஹீரோ ஹோண்டா சிடி 100. 1999-ல அப்பா அதை ஒருத்தர்கிட்டேர்ந்து பழசா வாங்கினார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டின கூலியில மிச்சம் பிடிச்ச பணம், அம்மா தோட்டை அடகு வச்ச பணம், ரெண்டும் சேர்ந்து வந்த வண்டி. எங்க சேரிக்குள்ள நுழைஞ்ச முதல் மோட்டார் வண்டி அதுதான்.

அந்த வண்டியை அப்பா ஓட்டினதைவிடத் தள்ளினதுதான் எனக்கு அதிகமா ஞாபகத்துல இருக்கு.

விழுப்புரம் போற தார்ரோட்டுலேர்ந்து எங்க சேரிக்கு வரணும்னா ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வரணும். வேற பாதை கிடையாது. தெரு முனையில இருக்கிற கைப்பம்பு கிட்ட வந்ததும் அப்பா இன்ஜினை அணைச்சிடுவார். இறங்குவார். ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தெருவோட அடுத்த முனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவார். பின்னாடி நான் புத்தகப்பையோட நடப்பேன். தெரு முடிஞ்சதும் ஏறி உதைப்பார். வண்டி கிளம்பும்.

இறங்கிப் போகணும்னு யாரும் போர்டு எழுதி மாட்டல. வாங்கின புதுசுல ஒரே ஒரு தடவை அப்பா இறங்காம ஓட்டிக்கிட்டே வந்துட்டார். மறுநாள் காலையில ஆள் வந்துச்சு. "வண்டி சத்தம் காதைக் கிழிக்குதாம். பெரியவங்க தூங்கறாங்களாம். பாத்து நடந்துக்கச் சொன்னாங்க." அந்தத் தெருவுல அப்போ நாலு புல்லட்டும் ஒரு டிராக்டரும் இருந்துச்சு. அதுங்க சத்தத்துல யாருக்கும் தூக்கம் கெடல. அந்தப் பருவத்துக்குக் கரும்பு வெட்டக் கூப்பிடறதும் அந்தத் தெருக்காரங்கதான். அப்பா இறங்கிட்டார்.

அம்மா கேப்பாங்க: "யோவ், ஏறிப் போறதுக்கு வாங்கினியா, தள்ளிக்கினு போறதுக்கு வாங்கினியா?" அப்பா பதில் சொல்லமாட்டார். துணியை எடுத்து டேங்கைத் துடைப்பார்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் 3-ஆம் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட குற்றங்களில் ஒன்று, பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பது. செருப்புப் போடுவதைத் தடுப்பதும் புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும் அதே இடத்தில் வருகின்றன. ஒரு குடியரசின் சட்டப் புத்தகத்தில், அதுவும் குற்றங்களின் பட்டியலில், மோட்டார் சைக்கிள் என்று எழுதவேண்டி வந்திருக்கிறது. இதை நான் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அப்போ ஊருக்கு ஊரு நம்மள மாரி தள்ளியிருக்காங்களாடா?"

அவ்வளவு வருஷமும் தான் ஒருத்தன்தான் தள்ளினோம்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

போன வருஷம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்பாவுக்குக் கண் மங்கின பிறகு ரெண்டு மழைக்காலம் வண்டி சும்மாவே நின்னுடுச்சு. என் தங்கச்சி மகளுக்கு பாலிடெக்னிக்ல இடம் கிடைச்சுது. மெக்கானிக்கல். பஸ் நிக்கிற இடத்துக்கு மூணு கிலோமீட்டர். "தாத்தா வண்டியை எடுத்துக்கறேன்"னா. அப்பா சாவியை எடுத்துக் குடுத்துட்டார். பேட்டரி மாத்தி, கார்பரேட்டரைக் கழுவி, பழைய பெட்ரோலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தி உதைச்சா வண்டி கிளம்பிடுச்சு. ஆனா சத்தம்! சைலன்சர் பைப்பு இன்ஜின் ஹெட்டோட சேர்ற இடத்துல காஸ்கெட் போயிருந்துச்சு. அந்த இடுக்கு வழியா புகை சீறுது. ஆக்சிலேட்டரை விட்டா பட் பட்டுனு வெடிக்குது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா திண்ணையிலேர்ந்து எழுந்து நின்னுட்டார். "இந்தச் சத்தத்தோட ஊர்த்தெருவுல போவாதம்மா. மொதல்ல அதைச் சரி பண்ணு." இருபத்தஞ்சு வருஷம் ஆகியும் அவர் காதுல அந்த ஆள் வந்து சொன்ன வார்த்தைதான் இருக்கு.

காஸ்கெட் ஒரு சின்ன வளையம். விலை பெருசு இல்ல. ஆனா அதை மாத்தணும்னா பைப்பைப் பிடிச்சிருக்கிற ரெண்டு நட்டைக் கழட்டணும். ரெண்டுமே பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற நட்டு. ஹெட்டுல முறுக்கி நிக்கிற 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுல உட்கார்ந்திருக்கு. இன்ஜின் சூடு, மழைத்தண்ணி, முன்சக்கரம் வாரி அடிக்கிற சேறு எல்லாம் அந்த இடத்துலதான் விழும். நட்டும் ஸ்டட்டும் துருவுல ஒட்டி ஒரே கட்டியா ஆயிடுச்சு. டவுன்ல ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினேன். "ஸ்டட் ஒடிஞ்சிடும் சார். ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும்"னு சொல்லி ஒரு தொகை சொன்னாங்க. அந்தத் தொகைக்குப் பாலிடெக்னிக்குல ஒரு பருவத்துக்கு ஃபீஸ் கட்டலாம்.

வீட்டுலயே பாத்துக்கலாம்னு ஸ்பேனரை எடுத்தேன். நான் பேனா பிடிச்சுப் பழகின ஆள். வாய் திறந்த ஸ்பேனரை நட்டுல மாட்டி, பல்லைக் கடிச்சு, ஒரே இழுப்பு. நட்டு அசையல. ஸ்பேனர் வழுக்கி என் முட்டி போய் இன்ஜின்ல இடிச்சு ரத்தம். மறுபடியும் மாட்டி இழுத்தேன். இடது பக்கத்து நட்டோட மூலை ரெண்டு மழுங்கிப்போச்சு. எனக்குக் கோவம் தலைக்கேறி, ஸ்பேனர் பிடியில இரும்புப் பைப்பைச் சொருகி மிதிக்கப் போனேன்.

"டே டே டே! நிறுத்துடா!"

சித்தப்பா. அப்பாவுக்குப் பெரியம்மா மகன். வேலி ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கார்.

"பைப்பு போட்டு மிதிச்சா என்னா ஆவும் தெரியுமா? நட்டு வராது. ஸ்டட்டு முறுக்கி ஒடியும். ஒடிஞ்ச பாதி ஹெட்டுக்குள்ளாற நிக்கும். அப்புறம் லேத்துக்காரன்கிட்டதான் போவணும்."

சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும். பன்னெண்டு வயசுல டவுன்ல ஒரு ஒர்க்ஷாப்புல சேர்த்துவிட்டாங்க. ஏழு வருஷம் இருந்தார். ஏழு வருஷமும் ஒரே வேலை. கழட்டிப்போட்ட பார்ட்ஸை மண்ணெண்ணெய்ல கழுவறது. இவருக்கு அப்புறம் வந்த பசங்க கையில ஸ்பேனர் வந்துச்சு. இவர் கேட்டதுக்கு, "உனக்கு எதுக்கு? உங்க கைக்குக் கழுவற வேலைதான் வரும்"னு முதலாளி சொன்னாராம். தண்ணி குடிக்கத் தனி டம்ளர். அதையும் இவரே கழுவி வைக்கணும். மண்ணெண்ணெய்ல ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். ஆனா கழுவறவன் கையிலதான் ஒவ்வொரு பார்ட்ஸும் வந்து போவுது. எந்தப் பல்லு தேஞ்சிருக்கு, எந்த மரை போயிருக்கு, எதை எப்படிக் கழட்டியிருக்காங்க, எல்லாம் கையாலயே படிச்சுட்டார். இன்னைக்கு எங்க சேரியில மோட்டார் பம்புலேர்ந்து தையல் மிஷின் வரைக்கும் அவர்தான் பாக்கறார்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழே ஒருவராக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அந்த ஒர்க்ஷாப்பில் கழுவுகிற கை ஒன்று, கழட்டுகிற கை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேனர். அந்த ஸ்பேனரை ஏழு வருஷம் கண்ணால்தான் பார்த்தார் சித்தப்பா.

"மொதல்ல எந்தப் பக்கம் திருப்பற? சொல்லு."

எனக்குக் குழம்பிடுச்சு. நட்டு இன்ஜினுக்கு முன்னாடி கீழ்நோக்கி இருக்கு. நான் மேலேர்ந்து குனிஞ்சு கையை விட்டு இழுத்தேன். சித்தப்பா என் தோளைப் பிடிச்சுத் தரையில உட்கார வச்சார். "நட்டோட மூஞ்சியைப் பாத்து குந்து. மூஞ்சியைப் பாத்தா இடதுபக்கம் சுத்தனாதான் அவுறும். நீ மேலேர்ந்து பாத்து இடதுன்னு நெனைச்சு இழுத்ததெல்லாம் இறுக்கியிருக்க." பாதி நேரம் நான் அவிழ்க்கறதா நெனைச்சு இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

"பொறுமையா செய்யணும்டா தம்பி."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்குனு தைச்சுது. "பொறுமை, பொறுமைன்னு எத்தனை காலத்துக்கு சித்தப்பா? நம்மகிட்ட எல்லாருமே அதைத்தான் சொல்றான். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா பொறுமை. சுடுகாட்டுப் பாதை கேட்டா பொறுமை. அப்பா கால் நூற்றாண்டு பொறுமையாத்தான் வண்டியைத் தள்ளினார்."

சித்தப்பா சிரிச்சார். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்குப் பேரு பொறுமைன்னு எவன்டா சொன்னான்? இப்ப நீ ராத்திரி பூரா வேலை செய்யப் போற. அதுக்குப் பேருதான் பொறுமை."

வேலை அப்படித்தான் நடந்துச்சு. முதல்ல கம்பி பிரஷ்ஷால ஸ்டட்டோட வெளியில தெரியற மரையைத் தேய்ச்சுத் துருவை உதிர்த்தோம். அந்தத் துரு இருந்தா நட்டு வெளிய வர்ற வழியிலயே மறுபடியும் மாட்டிக்கும். இரும்பு துருவாகும்போது ரெண்டு மடங்குக்கு மேல ஊதும். மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்கிற மயிரளவு இடத்துல அது ஊதித் திணிச்சுக்கிட்டு நிக்குது. அதனாலதான் பலத்துக்கு அசையல. எண்ணெய் உள்ள போகணும்னா முதல்ல வழி வேணும்.

மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டா விட்டோம். சின்னச் சுத்தியால நட்டோட பக்கத்துல பத்து தட்டு. ஓங்கி இல்ல. அதிரணும், நசுங்கக்கூடாது. ஒவ்வொரு அதிர்வுலயும் துருவுல ஒரு விரிசல் விழும், அந்த விரிசல்ல எண்ணெய் இறங்கும். மணிக்கு ஒரு தரம். ராத்திரி பன்னெண்டுக்கு நான் எழுந்தேன். மூணு மணிக்கு எழுந்தப்போ தங்கச்சி மகள் டார்ச்லைட்டோட ஏற்கெனவே அங்க உட்கார்ந்திருந்தா. "தட்டிட்டேன் மாமா. நீ போய்ப் படு."

காலையில சித்தப்பா புளோ லேம்ப்போட வந்தார். நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் குழாயை மூடி, டேங்கையே கழட்டித் தூரமா வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். ராத்திரி விட்ட எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சோம். பக்கத்துல ஒரு சட்டி மணல். "நட்டுல மட்டும் காட்டணும். ஹெட்டு அலுமினியம். இரும்பு மாரி செவக்கும், அப்புறம் எடுத்துக்கலாம்னு நெனைக்காத. அது செவக்காமயே உருகிப்புடும்." அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பகல் வெளிச்சத்தில் அதன் நிறத்தைப் பார்த்து அளவு சொல்லமுடியாது. அதனால சித்தப்பா எண்ணி எண்ணிக் காட்டினார். காட்டறது, எடுக்கறது, காட்டறது, எடுக்கறது.

நெருப்பை எடுத்து அணைச்சதும் மெழுகுவத்தியை நட்டோட ஓரத்துல தொட்டார். மெழுகு உருகி மரைக்குள்ள ஓடிப்போச்சு. உறிஞ்சின மாதிரி காணாமப் போனதைக் கண்ணால பாத்தேன்.

"இப்ப ரிங் ஸ்பேனரை மாட்டு. அவுக்காத. மொதல்ல இறுக்கு."

"இறுக்கறதா?"

"மயிரளவு. துரு ஒடையட்டும். அப்புறம் இந்தப் பக்கம்."

தங்கச்சி மகள்தான் ஸ்பேனரைப் பிடிச்சா. நான் குடுத்துட்டேன். சித்தப்பா அவ மணிக்கட்டு மேல ரெண்டு விரலை மட்டும் வச்சுக்கிட்டார். "கையால கேளு. ரப்பர் மாரி வளைஞ்சு குடுத்துச்சுன்னா ஸ்டட்டு முறுக்குதுன்னு அர்த்தம், உடனே வுட்டுடு. டிக்குனு ஒடைஞ்சு வந்துச்சுன்னா நட்டு வருது."

டிக்.

வலது பக்கத்து நட்டு அசைஞ்சுது. கால் சுத்து வெளிய, அரைக்கால் சுத்து உள்ள, எண்ணெய், மறுபடியும் கால் சுத்து. அந்த அளவு மரையில ஒரு முழுச் சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நட்டு நகரும். அதை வெளிய எடுக்கவே அரைமணி நேரம் ஆச்சு.

இடது பக்கத்து நட்டு வரல. நான் மூலையை மழுக்கிவிட்ட நட்டு. ரிங் ஸ்பேனர் சும்மா சுத்துது. ரெண்டாவது தரம் சூடு காட்டியும் பிடிமானம் இல்ல. நான் சித்தப்பா மூஞ்சியைப் பாத்தேன், திட்டுவார்னு. திட்டல. பையிலேர்ந்து அரத்தை எடுத்தார்.

"இத்தை அறுத்துடலாம்."

"நேத்து பொறுமைன்னீங்களே?"

"ராத்திரி பூரா எண்ணெய் வுட்டாச்சு, தட்டியாச்சு, சூடு காட்டியாச்சு. வரமாட்டேங்குது. வராத நட்டை வச்சுக்கினு இன்னும் என்னாத்துக்குக் கெஞ்சற? ஆனா ஒண்ணு. எதை அறுக்கறோம், எதைக் காப்பாத்தறோம்னு தெரிஞ்சு அறுக்கணும். நட்டு போனா கடையில வேற நட்டு. ஸ்டட்டு போனா ஹெட்டே போச்சு."

நட்டோட ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால ராவினார். மரைக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்தினார். அந்த மெல்லிசான இடத்துல சின்ன உளியை வச்சு ஒரே தட்டு. நட்டு பிளந்து கீழ விழுந்துச்சு. ஸ்டட்டுல ஒரு கீறல்கூட இல்ல.

நான் அதுவரைக்கும் ரெண்டே வழிதான் இருக்குன்னு நெனைச்சிருந்தேன். பல்லைக் கடிச்சு இழுக்கறது, இல்லன்னா காத்திருக்கறது. இழுத்தது நான். மூலை மழுங்குனதுதான் மிச்சம். காத்திருந்தது அப்பா. அவர் காத்திருந்த இருபத்தஞ்சு வருஷத்துல அந்தத் தெரு தானா இளகல. துருவை மட்டுமே தனியா விட்டா அது கூடத்தான் செய்யும், குறையாது. வேலை செஞ்சுக்கிட்டே இருக்கிற பொறுமை ஒண்ணு இருக்கு, அது எப்போ முடியணும்னும் அதுக்குத் தெரியும். இதை எனக்குச் சொல்லிக் குடுக்க, ஸ்பேனரைத் தொடக்கூடாதுன்னு ஏழு வருஷம் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு கை வேண்டியிருந்துச்சு.

ஸ்டட் ரெண்டையும் துடைச்சு, கிராஃபைட் கிரீஸ் தடவினோம். புதுக் காஸ்கெட். இந்தத் தடவை பித்தளை நட்டு. பித்தளை இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. அடுத்த தரம் கழட்டறவங்களுக்குச் சிரமம் இருக்காது. "ஒரே நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போவாத. இது கொஞ்சம், அது கொஞ்சம். பைப்பு நேரா உக்காரணும்." அவளே இறுக்கினா. டேங்கை மாட்டி உதைச்சா. சத்தம் அடங்கி, வண்டி சீரா ஓடுச்சு.

அப்பா திண்ணையிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருந்தார். கண் தெரியாதவர் முகத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, அந்தச் சத்தத்தையே கேட்டார். "அப்படியே இருக்குடா. வாங்கின அன்னைக்கு இருந்த மாரியே இருக்கு."

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் தாத்தா."

போயிட்டா. தார்ரோடு வரைக்கும் போய்த் திரும்பறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அப்பா பேசல. சித்தப்பா ஸ்பேனர் ஒவ்வொண்ணையும் டீசல் துணியால துடைச்சு அடுக்கிக்கிட்டு இருந்தார். நான் வாசலுக்கும் வேலிக்கும் நடந்தேன். எனக்கும் பயம்தான். சட்டத்துல எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டினவன் நான். ஆனாலும் பயம்.

வண்டி சத்தம் தூரத்துல கேட்டுச்சு. நிக்காம, அணையாம, ஒரே சீரா வந்துச்சு. வாசல்ல வந்து நிறுத்தினா.

"எந்த வழியாம்மா வந்த?" அப்பா கேட்டார்.

"ஒரு வழிதானே தாத்தா இருக்கு."

"கைப்பம்பு கிட்ட எறங்கினியா?"

அவளுக்குப் புரியல. வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கிட்டே கேட்டா: "அந்தக் கைப்பம்பு ரிப்பேராச்சே தாத்தா. அங்க எதுக்கு எறங்கணும்?"

அப்பா ஒண்ணும் சொல்லல. தோள்ல கிடந்த துண்டை எடுத்து, தடவித் தடவி வண்டிகிட்ட வந்து, டேங்கைத் துடைக்க ஆரம்பிச்சார்.

சித்தப்பா போகும்போது ஸ்பேனர் செட்டை எடுத்துக்கிட்டுப் போனார். பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனரை மட்டும் பிள்ளை கையில குடுத்துட்டுப் போனார்.